சரிவில் மண்வாரி டிராக்டரை அபாயமின்றி இயக்கும் முறை

பாளையம்பட்டியைச் சுற்றிலும், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரையிலும் பரந்து கிடக்கும் மானாவாரி நிலம் பெரும்பாலும் சமதளமானது. ஆகையால் சரிவில் யந்திரம் கவிழும் அபாயம் மலைநாட்டாருக்கு உரியதேயன்றி இப்பகுதி விவசாயிகளுக்கு இல்லை என்று எண்ணுவது இயல்பே. எனினும் இவ்வெண்ணம் சரியன்று. சமதள நாட்டில் இயற்கை அமைத்த சரிவுகள் குறைவாயினும், மனிதர் அமைத்த சரிவுகள் அநேகம். கண்மாய்க் கரை, ஓடைக் கரை, வரத்துக்கால், பண்ணைக்குட்டையின் ஓரம், கேணி வெட்டிக் கொட்டிய மண்மேடு ஆகிய யாவும் சரிவுகளே. மண்வாரி யந்திரம் வாடகைக்கு அழைக்கப்படுவதும் இவ்விடங்களில் வேலை செய்வதற்கே. ஆகவே, இந்நாட்டில் அந்த யந்திரம் தன் வேலை நேரத்தில் பெரும்பகுதியைச் சரிவின் மீதோ பள்ளத்தின் விளிம்பிலோ கழிக்கிறது என்பதை நிலச் சொந்தக்காரர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். மேலும், இச்சரிவுகள் குட்டையானவையாதலால் ஓட்டுநரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் டிராக்டர் கவிழ்வதற்கு நெடிய மலைச்சாரல் வேண்டுவதில்லை. அதன் அகலத்திற்குச் சரியான ஆறடிச் சரிவே போதும்.

யந்திரத்தின் அமைப்பு

முன்புறத்தில் மண் அள்ளும் பெரிய பக்கெட்டும், பின்புறத்தில் பள்ளம் தோண்டும் நீண்ட கையும் உடைய டிராக்டரே இங்கு மண்வாரி எனப்படுவது. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945இல் தொடங்கிய தொழிற்சாலை, 1953இல் டிராக்டரின் பின்னே தோண்டும் கையைப் பொருத்தி விற்பனைக்குக் கொணர்ந்தது. அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே ஜே.சி.பி. என்பன. 1979 முதல் ஹரியானாவிலுள்ள பல்லப்கரில் இவ்வகை யந்திரங்கள் செய்யப்பட்டு வருகின்றன. எந்தக் கம்பெனியார் செய்த யந்திரமாயினும் ஜனங்கள் அதனை ஜே.சி.பி. என்றே வழங்குகின்றனர்.

இதில் இருவகை உண்டு. ஆரம்பத்திலேயே மண்வேலைக்கென்று முழுமையாகச் செய்யப்பட்டது ஒன்று. உழவுக்குரிய சாதாரண டிராக்டரில் தோண்டும் கையைப் பின்னர் மாட்டிக்கொள்வது மற்றொன்று. பின்னது எடையிலும் அகலத்திலும் குறைந்ததாகையால், அதனைச் சரிவில் இயக்குங்கால் இருமடங்கு எச்சரிக்கை தேவை. இருவகையிலும் பின்புறத்தில் இரண்டு ஊன்றுகால்கள் உண்டு. தோண்டும்போது யந்திரத்தைத் தாங்கி நிறுத்துவன அவையே.

கவிழ்வதன் காரணம்

பருத்தி மாரை உயரமாக ஏற்றிய பாரவண்டி ஓடைக்கரையில் சாய்ந்தால் கவிழ்கிறது. அதே எடையுள்ள மல்லி மூட்டைகளைத் தாழ ஏற்றிய வண்டி அதே இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. வண்டிக்காரர் அனைவரும் அறிந்த விஷயம் இது. பாரத்தின் மையம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு எளிதில் வண்டி சாயும். மண்வாரியின் பக்கெட்டை மண்ணுடன் உயரத் தூக்குவது, மூட்டை ஏற்றிய வண்டியை ஒரு நொடியில் மார் ஏற்றிய வண்டியாக மாற்றுவதற்கு ஒப்பானது.

டிராக்டருக்கு மற்றொரு குறையும் உண்டு. அது நான்கு சக்கரங்களில் நிற்பதாகத் தோன்றினாலும், முன் அச்சு நடுவிலுள்ள ஒரு முளையின் மேல் ஏறியிறங்கி ஆடும்படி அமைந்திருப்பதால், உண்மையில் அது ஒரு முக்காலியே. பின் சக்கரங்கள் இரண்டும், முன் அச்சின் நடு முளையும் அம்முக்காலியின் கால்களாகும். பாரமையத்திலிருந்து நேர் கீழே தொங்கவிட்ட தூக்குநூல் இம்முக்கோணத்திற்கு வெளியே விழுமாயின் யந்திரம் கவிழும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு டிராக்டரின் பின் சக்கரங்கள் நடுவிற்கு நடு 5 அடி அகன்றும், பாரமையம் தரையிலிருந்து 2½ அடி உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அசையாமல் நிற்கும்போது அது 45 பாகைச் சாய்வு வரை தாங்கும் என்பது கணக்கு. மண் நிறைந்த பக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கியதால் பாரமையம் 4 அடிக்கு உயர்ந்தால், அதுவே 32 பாகையில் கவிழ்ந்துவிடும். முக்கோணம் முன்னோக்கிக் குறுகிச் செல்வதால், உண்மையில் இவ்விரு அளவுகளுக்கும் குறைந்த சாய்விலேயே கவிழ்தல் நிகழும்.

இனி, மண்கரைகளின் சாய்வைப் பார்க்கலாம். 2 அடி கிடைக்கு 1 அடி உயரம் என்று அமைத்த கரையின் சாய்வு ஏறத்தாழ 27 பாகை. 1½ அடிக்கு 1 அடி என்று அமைத்தால் 34 பாகை. அச்சரிவில் குறுக்காகச் செல்லும் டிராக்டரின் மேற்பக்கச் சக்கரம் அரையடி உயரமுள்ள மண்கட்டியின் மேல் ஏறி, கீழ்ப்பக்கச் சக்கரம் அரையடிக் குழியில் இறங்கினால், மேலும் 11 பாகை சாய்வு கூடிவிடும். ஆகவே கண்மாய்க் கரையின் சரிவில் குறுக்காக மண்வாரியை ஓட்டுவது எக்காலத்தும் கூடாது. ஓட்டுநரின் திறமையால் இக்கணக்கை மாற்ற இயலாது.

சரிவை அளக்கும் எளிய முறை

கண்ணால் பார்த்துச் சரிவை மதிப்பிடுவது பிசகுக்கு இடமாகும். 5 அடி நீளமுள்ள நேரான பலகையும், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேற்புறத்தில் வைத்து, மறுமுனையை மட்டம் சரியாகும் வரையில் தூக்கிப் பிடித்து, அம்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கவேண்டும். இடைவெளி 1 அடியாயின் சரிவு 11 பாகை. அதற்கு மேற்பட்டால் அவ்விடத்தில் யந்திரத்தைக் குறுக்காகச் செலுத்தாமல், நேராக ஏறி நேராக இறங்கவே ஏற்பாடு செய்தல் நலம். யந்திரத்துடன் வரும் கையேட்டில் இன்னும் குறைந்த அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றவேண்டும்.

மண்ணின் தன்மை

கரிசல் மண் கோடையில் சுருங்கி ஆழமாக வெடிக்கும். மழையில் ஊதி வழுக்கும். வெடிப்புள்ள கரையின் விளிம்பு பார்வைக்குக் கல்லைப் போல் இறுகித் தோன்றினும், வெடிப்புக்கு வெளிப்புறமுள்ள மண் கரையோடு ஒட்டியிராது. அதன் மேல் ஊன்றுகாலை வைத்தால் அது பாளமாகப் பெயர்ந்து விழும். கோடை மழை பெய்த மறுநாள் மேற்புறம் காய்ந்திருப்பினும், ஓரங்குலத்தின் கீழ் ஈரம் நிற்கும்; அச்சமயம் சரிவில் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நின்றுவிட யந்திரம் வழுக்கிக்கொண்டே செல்லும். செம்மண் நிலத்தில் இந்த வழுக்கல் குறைவாயினும், சரளைக்கற்கள் சக்கரத்தின் கீழ் உருளும். புதிதாகக் கொட்டிய மண் எவ்வகையாயினும் இறுகும் வரையில் யந்திரத்தைத் தாங்காது.

வேலை தொடங்குமுன் நிலத்தை ஒருமுறை கால்நடையாகச் சுற்றிப் பார்த்தல் அவசியம். சீமைக்கருவேலம் புதர்களினுள்ளே கைவிடப்பட்ட பழங்கேணிகள் மறைந்து கிடப்பதுண்டு. இவை எங்குள்ளன என்பது வெளியூரிலிருந்து வரும் ஓட்டுநருக்குத் தெரியாது. நிலச் சொந்தக்காரருக்கே தெரியும். அவற்றைச் சுற்றிக் கொம்பு நட்டுத் துணி கட்டிக் காட்டவேண்டியது அவர் பொறுப்பு. மேலே செல்லும் மின்கம்பிகளையும் அப்போதே கவனிக்கவேண்டும். சமதரையில் கம்பிக்கு எட்டாத தோண்டும் கை, மேட்டின் மீது ஏறியபின் எட்டிவிடலாம். கம்பிக்கும் யந்திரத்தின் எப்பகுதிக்கும் இடையே 10 அடிக்குக் குறையாத தூரம் இருக்கவேண்டும். உயர் அழுத்தக் கம்பியாயின் மின்வாரியத்தாரைக் கலந்தே வேலை தொடங்கவேண்டும்.

ஏறுதலும் இறங்குதலும்

எடை மிகுந்த பக்கம் எப்போதும் மேட்டை நோக்கியிருக்கவேண்டும் என்பது இதில் முதல் விதி. முன் பக்கெட் காலியாயிருக்கையில் யந்திரத்தின் கனம் பின்புறத்துக் கையிலேயே உள்ளது. அந்நிலையில் முன்னோக்கி மேடேறினால் முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பும். ஆகவே பின்னோக்கி ஏறி, முன்னோக்கி இறங்கவேண்டும். முன் பக்கெட்டில் மண் நிறைந்திருந்தால் முறை மாறும்; முன்னோக்கி ஏறி, பின்னோக்கி இறங்கவேண்டும். மண் நிறைந்த பக்கெட்டுடன் முன்னோக்கி இறங்கினால் பின் சக்கரங்கள் இலேசாகிவிடும். பல டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டுமே உண்டாதலால், அவை இலேசானவுடன் பிரேக்கும் பயனற்றுப் போகும்.

இடது வலது பிரேக் மிதிகள் இரண்டையும் இணைக்கும் கொண்டியை மாட்டியபின்னரே சரிவில் இறங்கவேண்டும். ஒரு சக்கரம் மட்டும் நின்றால் யந்திரம் சுழன்று குறுக்காகிவிடும். இறங்குமுன் மேட்டின் மீதே தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள்ளவேண்டும். பாதிச் சரிவில் கியர் மாற்றுதலும், கிளட்சை மிதித்து உருளவிடுதலும் பேராபத்தாகும். பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு முழத்திற்கு மேல் தூக்காமல் எடுத்துச் செல்லவேண்டும். தோண்டும் கையை மடக்கி, நடுவில் நிறுத்தி, அது பக்கவாட்டில் ஆடாதபடி பூட்டுமுளையைச் செருகியிருக்கவேண்டும்.

சக்கரம் சேற்றில் புதைந்தால் அதன் முன்னே கட்டையைக் கட்டி முன்னோக்கி வேகமாக எடுக்க முயல்வது வழக்கமாயுள்ளது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது. சக்கரம் சுழல முடியாதபோது என்ஜினின் வலிமை டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்கிவிடும். முன்புறம் தூக்கத் தொடங்கியதிலிருந்து திருப்ப முடியாத நிலையை அடைய ஒரு வினாடிகூடச் செல்லாது. அதற்குள் கிளட்சை மிதிக்க எவராலும் இயலுவது அரிது. பின்னோக்கி எடுக்கவேண்டும், இயலாவிடில் தோண்டும் கையைத் தரையில் ஊன்றித் தள்ளி மீட்கலாம்.

தோண்டும்போது கவனிக்கவேண்டியவை

யந்திரத்தைச் சரிவின் போக்கிற்கு நேராக நிறுத்தவேண்டும், குறுக்காக நிறுத்தலாகாது. சரிவு சிறிதாயினும், சக்கரமும் ஊன்றுகாலும் நிற்கவேண்டிய இடத்தை முன் பக்கெட்டால் வெட்டிச் சமப்படுத்திக்கொள்வதே சிறந்த முறை. பின்னர் முன் பக்கெட்டைத் தரையில் அழுந்த வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, ஊன்றுகால்களை இறக்கி, யந்திரம் மட்டமாக நிற்கும்படி செய்யவேண்டும். இவ்வாறு செய்தால் முக்காலியாயிருந்த யந்திரம் அகன்ற பீடமாகிறது. மண் இளகியிருந்தால் ஊன்றுகாலின் கீழ் அகன்ற கனத்த பலகையை இடவேண்டும்.

ஒரு கன அடி ஈர மண் ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ளது. 8 கன அடி கொள்ளும் பக்கெட்டில் 400 கிலோ மண் இருக்கும். அதை ஊன்றுகாலிலிருந்து 12 அடி தூரத்திற்கு நீட்டினால், ஓரடித் தூரத்தில் 4,800 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமமாகும். ஏற்றத்தின் நுனியில் நிற்பவர் ஒருவர் நீர்ச்சாலைத் தூக்குவது போன்ற செய்கை இது. இந்தப் பாரத்தைப் பள்ளத்துப் பக்கம் வேகமாகத் திருப்பினால், மேட்டுப் பக்கத்து ஊன்றுகால் தரையை விட்டு எழும்பும். ஆகவே மண்ணை மேட்டுப் பக்கமே கொட்டவேண்டும். கையை முழு நீளத்திற்கு நீட்டாமல் மடக்கித் திருப்பவேண்டும். பள்ளத்துப் பக்கம் திருப்ப நேர்ந்தால் மெதுவாகவும், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே திருப்பவும் வேண்டும்.

பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமேனும் சக்கரங்கள் விளிம்பிலிருந்து விலகி நிற்கவேண்டும். 6 அடிக் குட்டையாயின் 6 அடி விலகல். ஈரக் கரிசலில் இதனை ஒன்றரை மடங்காகக் கொள்ளுதல் நன்று. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காமல் 2 அடிக்குக் குறையாமல் தள்ளிக் கொட்டவேண்டும். தோண்டும் கை யந்திரத்தை நெருங்கி வரும்போதுதான் இவ்விதி மீறப்படுகிறது. இன்னும் ஒரு பக்கெட் எடுக்கலாம் என்று ஊன்றுகாலின் அடிமண்ணையே பறித்துவிடுவதும் உண்டு. ஊன்றுகாலுக்கு அருகில் வருமுன் நிறுத்தி, யந்திரத்தை முன்னே நகர்த்திக்கொள்ளவேண்டும்.

சீமைக்கருவேலம் பிடுங்குதல்

கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக்கருவேல மரங்களை வேரோடு அகற்றும் வேலை இப்பகுதியில் மிகுதி. மரத்தை ஒரே இழுப்பில் பிடுங்க முயலும்போது வேர் திடீரென அறுந்தால், அதுவரை அழுந்தியிருந்த யந்திரம் எதிர்ப்பக்கம் குலுங்கிச் சாய்கிறது. சரிவில் இக்குலுக்கலே கவிழ்வதற்குப் போதுமானது. முதலில் மரத்தைச் சுற்றித் தோண்டிப் பக்கவேர்களை அறுத்து, பின்னர் மெதுவாகச் சாய்த்தல் முறை. சங்கிலியிட்டு இழுப்பதாயின், பின்புறத்தில் தாழ்ந்துள்ள இழுவைக் கட்டையிலேயே சங்கிலியை மாட்டவேண்டும். அச்சுக்கு மேற்பட்ட எவ்விடத்தில் மாட்டினாலும் டிராக்டர் பின்புறமாக மல்லாந்துவிடும். கருவேல முள் சக்கரத்தில் ஏறிக் காற்று குறைவதும் சாதாரணமாதலால், ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் காற்றைச் சோதிக்கவேண்டும். கீழ்ப்பக்கத்துச் சக்கரம் தளர்ந்தால் சரிவு கூடியதற்கு ஒப்பாகும்.

பாதுகாப்புக் கூண்டும் இடைவாரும்

ஸ்வீடன் தேசத்தார் 1959 முதல் புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கவேண்டுமென விதித்தனர். அதன் பின்னர் அந்நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து மாளுபவர் தொகை படிப்படியாகக் குறைந்து மிகச் சிலராயிற்று. முழுமையாகச் செய்யப்பட்ட மண்வாரிகளில் கூண்டு உண்டு; ஆயினும் ஓட்டுநர் இடைவாரைக் கட்டாவிடில், கவிழும்போது வெளியே எறியப்பட்டு அக்கூண்டின் கீழேயே நசுங்குவார். கூண்டும் வாரும் சேர்ந்தே உயிரைக் காக்கும். கூண்டோ சட்டமோ இல்லாத உழவு டிராக்டரில் வாரைக் கட்டுதல் கூடாது. அத்தகைய டிராக்டரைச் சரிவில் மண்வேலைக்கு அமர்த்தாதிருப்பதே தக்கது.

யந்திரம் சாயத் தொடங்கினால் தூக்கியுள்ள பக்கெட்டை உடனே தரையில் இறக்கவேண்டும். அதற்கும் மீறிச் சாய்ந்தால், வாரைக் கட்டியுள்ள ஓட்டுநர் கைகால்களை உள்ளே ஒடுக்கிக்கொண்டு சக்கரத்தை இறுகப் பற்றியிருக்கவேண்டும், குதிக்கலாகாது. குதிப்பவர் பெரும்பாலும் யந்திரம் விழும் பக்கமே விழுகிறார். ஓட்டுநரையன்றி வேறொருவரும், மட்காப்பின் மீதோ பக்கெட்டிலோ, ஏறிச் செல்ல அனுமதிக்கக்கூடாது.

நிலச் சொந்தக்காரர், கிராம அதிகாரிகள் ஆகியோரின் கடமை

மண்வாரிக்கு வாடகை மணிக்கணக்கில் கொடுக்கப்படுகிறது. ஆகையால் இடத்தைச் சமப்படுத்துவதும், சுற்றிக்கொண்டு போவதும், ஊன்றுகாலை மாற்றி வைப்பதும் வீண் செலவென்று நிலச் சொந்தக்காரருக்குத் தோன்றுகிறது. குறுக்கே ஏற்றிக் கொண்டுபோ என்று கரையில் நின்று அவசரப்படுத்துபவரும் அநேகமாக அவரே. ஓட்டுநர் கூலிக்கு வந்தவர். மறுத்தால் நாளை வேலை கிடைக்காதென்று அஞ்சி உடன்படுகிறார். சரிவில் நிகழும் விபத்துக்களில் யந்திரத்தின் குற்றத்தைக் காட்டிலும் இந்த அவசரத்தின் குற்றமே ஆராயத்தக்கது. இடத்தைச் சமப்படுத்த அரைமணி நேரம் சென்றால் அதன் நஷ்டம் அரைமணி வாடகை மாத்திரமே. ஓட்டுநர் இயலாதென்று சொன்ன இடத்தில் வற்புறுத்துவதில்லை என்பதை வேலை பேசும்போதே அவரிடம் தெரிவித்துவிடுதல் நலம்.

குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்தை 2017இல் தமிழ்நாட்டு அரசு புதுப்பித்தபோதும், 2024 முதல் வண்டல் எடுக்கத் தாசில்தார் நிலையிலேயே அனுமதி வழங்கப்படலானபோதும், கண்மாய்களுக்குள் மண்வாரிகள் இறங்குவது பெருகியுள்ளது. இவ்வேலைகளைப் பார்வையிடும் கிராம அதிகாரிகள் பின்வருவனவற்றைக் கவனித்தல் தகும்.

1. மண் எடுக்கவேண்டிய எல்லையைச் சுண்ணாம்பால் குறிக்கவேண்டும். கரையின் அடியை ஒட்டித் தோண்டுவது கரையைப் பலவீனப்படுத்துவதுடன் மேலே நிற்கும் யந்திரத்தையும் சரித்துவிடும்.

2. கண்மாய்க்குள் இறங்க ஒரே பாதையைச் சாய்வு குறைத்து அமைத்து, யந்திரங்களும் டிரெய்லர்களும் அதன் வழியே மட்டும் செல்லச் செய்யவேண்டும். கண்ட இடத்தில் கரையேற விடலாகாது.

3. சைகை காட்ட ஒருவரை மட்டும் நியமிக்கவேண்டும். அவர் மேட்டுப் பக்கத்தில், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும்படி, தோண்டும் கை எட்டாத தூரத்தில் நிற்கவேண்டும். வேடிக்கை பார்க்கும் சிறுவரை அகற்றவேண்டும்.

4. மழை பெய்தால் ஈரம் சுவறும் வரையில் சரிவு வேலையை நிறுத்திவைக்கவேண்டும். இருட்டியபின் சரிவில் வேலை கூடாது.

5. வேலை முடிந்தபின் பள்ளத்தின் ஓரங்களைச் செங்குத்தாக விடாமல் சரித்துவிடவேண்டும். ஐப்பசி மழையில் நீர் நிறைந்தபின் உள்ளே இறங்கும் ஆடுமாடுகளும் குழந்தைகளும் கரையேற அதுவே வழியாகும்.

6. அன்றைய வேலை முடிந்ததும் யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டுகளையும் ஊன்றுகால்களையும் தரையில் இறக்கி, சாவியை எடுத்துக்கொள்ளவேண்டும். சமதரை கிடையாதாயின் சக்கரங்களுக்குக் கீழ்ப்புறம் கல்லை அண்டக்கொடுக்கவேண்டும்.

ஐப்பசிக்கு முன் வேலை முடியவேண்டுமென்னும் நெருக்கடியில் புரட்டாசி மாதத்தில்தான் அவசரம் மிகும். மண்ணும் அப்போதுதான் ஈரமாகத் தொடங்கும். ஆகையால் பண்ணைக்குட்டை வெட்டுவோரும் வண்டல் அடிப்போரும் அறுவடை முடிந்த பின் வரும் கோடையிலேயே, தரை காய்ந்திருக்கும்போது, இவ்வேலையை வைத்துக்கொள்வது எவ்வகையிலும் உத்தமம். வாடகைக்கு யந்திரம் வேண்டுவோர் வேளாண்மைப் பொறியியல் துறையின் உட்கோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்யும்போதே வேலை நடக்கவேண்டிய இடம் கரையா, ஓடையா, சமநிலமா என்பதையும், பலகையால் அளந்த சரிவின் அளவையும் சொல்லிவிட்டால், அவ்விடத்திற்குத் தகுந்த யந்திரத்தை அனுப்ப அவர்களுக்கு வசதியாயிருக்கும்.